பாறையை முகர்ந்து வரைந்த வரைபடம்

முதலில் ஒரு பாறையை முகர்ந்து பார்க்க வேண்டும். ஆமாம், மூக்கை ஒட்டக் கொண்டுபோய்த்தான்! மலைச்சரிவில் மேற்பக்கம் துருத்தி நிற்கும், மழையும் பனியும் நேராக விழாத பாறை எதுவென்று பார்த்து, அதன் அடியில் சிறுநீரைப் பீய்ச்சிவிட்டுப் போவது பனிச்சிறுத்தையின் வழக்கம். அந்த மலைக்கு அதுதான் ஊர்ச்சாவடிப் பலகை. யார் வந்தது, ஆணா பெண்ணா, துணை தேடுகிறதா என்று அடுத்து வரும் சிறுத்தை அங்கே வந்துதான் தெரிந்துகொள்ளும். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் நாலாயிரம் மீட்டர் உயரத்துக்கு மூச்சு வாங்க ஏறி, குனிந்து, முகர்ந்து, "வந்து போயிருக்கிறது" என்று ஒருவர் தலையாட்டுகிறார் பாருங்கள், அங்கேதான் இந்த நாட்டின் மிக அழகான வரைபடங்களில் ஒன்றுக்குப் பிள்ளையார் சுழி விழுகிறது.

எந்த வரைபடம்? பனிச்சிறுத்தை எங்கெங்கே வாழ்கிறது, எங்கெங்கே வாழ முடியும் என்று காட்டும் வரைபடம். டேராடூனிலுள்ள இந்திய வனஉயிரின நிறுவனம் ஒருங்கிணைக்க, மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், டபிள்யூடபிள்யூஎஃப் இந்தியா, இமயமலை மாநிலங்களின் வனத்துறைகள் எல்லாம் சேர்ந்து 2019 முதல் 2023 வரை செய்த கணக்கெடுப்பு, 2024 ஜனவரி 30 அன்று வெளியானது. இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் என்றது அறிக்கை. லடாக்கில் மட்டும் 477. பத்திரிகைகள் 718ஐத் தலைப்பில் போட்டுக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் என்னைத் துள்ள வைத்தது அதே அறிக்கையில் இருந்த இன்னோர் எண். 93,392 சதுர கிலோமீட்டர்! பனிச்சிறுத்தை இருப்பதற்குத் தடயம் கிடைத்த நிலத்தின் பரப்பு அது. தமிழ்நாட்டின் பரப்பில் எழுபது சதவீதத்துக்கும் மேல்! எத்தனை இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை ஆண்டுதோறும் மாறலாம். எங்கே இருக்கின்றன என்று தெரியாவிட்டால், காப்பாற்றுகிற வேலையை எந்த மலையில் தொடங்குவது என்றே தெரியாது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த 'எங்கே'யைப் பற்றித்தான்.

வரைபடத்தின் அடித்தளத்தைப் பார்க்க விண்வெளிக்குப் போக வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் என்ற விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றியது. அதன் வயிற்றிலிருந்து 60 மீட்டர் நீளத் தண்டு ஒன்று வெளியே நீண்டது. தண்டின் நுனியில் ஒரு ரேடார் அலைவாங்கி, கலத்திலேயே இன்னொன்று. இரண்டுக்கும் இடையே எதிரொலியில் வரும் நுண்ணிய வித்தியாசத்தைக் கொண்டு, உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தின் மேடுபள்ளங்களை அளந்து முடித்தார்கள். அந்தத் தரவு இன்று யாருக்கும் இலவசம். பனிச்சிறுத்தையின் வாழ்விடத்தைத் தேடும் ஆய்வாளர் கணினியைத் திறந்ததும் பெரும்பாலும் முதலில் விரிப்பது இப்படி வானத்திலிருந்து அளந்த உயர வரைபடத்தைத்தான். ஒரு பக்கம் விண்வெளி ரேடார், இன்னொரு பக்கம் பாறையை முகரும் மூக்கு! ஒரு பூனைக்காக இவை இரண்டும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

உயரம் தெரிந்துவிட்டால் போதுமே, இத்தனை மீட்டருக்கு மேலே பனிச்சிறுத்தை என்று கோடு போட்டுவிடலாமே என்று தோன்றும். போடக் கூடாது! இமயமலையில் அது மூவாயிரம் மீட்டருக்கு மேலேதான் பெரும்பாலும் திரிகிறது. அதே விலங்கு மங்கோலியாவின் கோபி பாலைவன மலைகளில் ஆயிரத்துச் சொச்சம் மீட்டரிலேயே நிம்மதியாக வாழ்கிறது. இமயமலைத் தரவை மட்டும் கொடுத்துக் கணினியைப் பழக்கினால், 'உயரம்தான் முக்கியம்' என்று அது தப்பாகப் புரிந்துகொண்டு மங்கோலியாவையே அழித்துவிடும். உண்மையில் பனிச்சிறுத்தைக்கு வேண்டியது உயரம் இல்லை, உடைந்த நிலம். செங்குத்துப் பாறை, இடுக்கு, முகடு, சட்டென்று திரும்பும் சரிவு. பதுங்கி நெருங்கவும், பாய்ந்து இறங்கவும், குட்டிகளை ஒளிக்கவும் அதுதான் தோது. ஆகவே ஆய்வாளர்கள் உயரத் தரவிலிருந்து இன்னொன்றைக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு சிறு கட்டமும் தன் அக்கம்பக்கக் கட்டங்களிலிருந்து எவ்வளவு வேறு திசையில், வேறு சாய்வில் இருக்கிறது என்ற அளவு, அதாவது நிலத்தின் கரடுமுரடு. வழவழப்பான பீடபூமி ஐயாயிரம் மீட்டரில் இருந்தாலும் மதிப்பெண் குறைவு. சிதறிக் கிடக்கும் பாறைக்காடு தாழ்ந்த இடத்தில் இருந்தாலும் மதிப்பெண் அதிகம்.

அடுத்த அடுக்கு, தட்பவெப்பம். அதற்கடுத்து தாவரம், ஆறு, சாலை, ஊர், மேய்ச்சல். இத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, விலங்கின் தடயம் கிடைத்த புள்ளிகளை மேலே தூவினால், வாழ்விட மாதிரி பிறக்கத் தயார். இதற்கென்றே மேக்ஸென்ட் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபிலிப்ஸ், ஆண்டர்சன், ஷாபைர் ஆகிய மூவரும் 2006இல் அதை விளக்கி எழுதிய ஆய்வுக்கட்டுரை உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. விலங்கு 'இருந்த' இடங்களை மட்டும் அதற்குக் கொடுத்தால் போதும். அந்த இடங்கள் மற்ற நிலத்திலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று கற்றுக்கொண்டு, 'இதேபோன்ற இடங்கள் வேறெங்கே' என்று மலைத்தொடர் முழுவதும் தேடி வண்ணம் தீட்டிக் கொடுக்கும். சிவப்பாக மின்னும் இடங்கள் வாய்ப்பு மிகுந்தவை, நீலம் குறைந்தவை. முதல்முறை அந்த வண்ணங்கள் திரையில் படர்வதைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் கைதட்டத் தோன்றும்!

ஆனால் கைதட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. புள்ளிகள் எங்கிருந்து வந்தன? ஆய்வாளர்களும் மனிதர்கள்தானே. சாலை முடிகிற இடத்திலிருந்து எட்டும் தூரத்தில்தான் அதிகம் தேடுவார்கள். பனிச்சிறுத்தைக்குப் பேர்போன பள்ளத்தாக்குக்கே திரும்பத் திரும்பப் போவார்கள். அப்போது மாதிரி வரைவது பனிச்சிறுத்தையின் வீட்டை இல்லை, ஆய்வாளரின் ஜீப் போன வழியை! பனிச்சிறுத்தை ஆய்வாளர் குல்பூஷண்சிங் சூர்யவன்ஷியும் அவருடைய சகாக்களும் 2019இல் இதை அப்பட்டமாக எழுதினார்கள். பழைய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் மிகச் சிறந்த வாழ்விடத்தில், சிறிய பரப்பில் நடந்தவை, அதனால் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டக்கூடியவை என்பது அவர்கள் வாதம். தங்கள் துறையின் பழக்கத்தையே இப்படி மேசைமேல் எடுத்து வைக்கிறவர்கள் வரைந்த வரைபடம் என்பதால்தான் அதை நான் நம்புகிறேன்.

இதற்கு மாற்று என்ன? மலைக்காரர்களிடம் கேட்பதுதான்! வரைபடத்தின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நன்றாக அறிந்த ஆட்டிடையர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் தேடிப் போகிறார்கள். இங்கே 'ஷான்' பார்த்ததுண்டா? எப்போது? ஆடு போயிருக்கிறதா? பாரல் ஆடுகள் உண்டா, ஐபெக்ஸ் மலையாடுகள் உண்டா? லடாக்கிலும் ஸ்பிட்டியிலும் பனிச்சிறுத்தைக்கு ஷான் என்றுதான் பெயர். ஒரே கட்டத்தைப் பற்றி ஒருவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துவதில்லை, பலரிடம் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஏனென்றால் 'பார்க்கவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. ஐந்து பேரில் நான்கு பேர் பார்த்திருந்தால், அங்கே இருக்கும் விலங்கு ஒருவர் கண்ணில் படாமல் தப்ப எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட முடியும். அந்தக் கணக்கை வைத்து, யாருமே பார்க்காத கட்டத்திலும் அது இருக்கக்கூடிய வாய்ப்பை எண்ணாகச் சொல்ல முடியும். இடையரின் நினைவு புள்ளியியலாக மாறுகிற இந்த இடம்தான் முழுக்கதையிலும் எனக்குப் பிடித்த இடம். எந்தச் செயற்கைக்கோளும் தராத தகவல் அவரிடம் இருக்கிறது. எந்தப் பாறைக்குப் பின்னால், எந்த மாதம், என்ன பனியில் தன் ஆட்டை இழந்தார் என்பது அவருக்கு மறக்குமா?

இந்த முறைக்கு இமாச்சலப் பிரதேசம் பெரிய பரீட்சைக்களமாக அமைந்தது. 26,112 சதுர கிலோமீட்டர் பனிச்சிறுத்தை வாழ்விடம். மலைக்காரர்களிடம் கேட்டதை வைத்து அதை வாய்ப்பு அதிகமுள்ள பகுதி, குறைந்த பகுதி என்று பிரித்து, நல்ல இடங்களோடு 'அங்கே ஒன்றும் இருக்காது' என்று தோன்றும் இடங்களிலும் கேமரா வைத்தார்கள். மொத்தம் பத்து இடங்கள். ஸ்பிட்டி, பின், தாபோ, சந்திரா, பாகா, மியார், பாஸ்பா என்று பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக. முடிவு என்ன தெரியுமா? பத்திலுமே பனிச்சிறுத்தை வந்துவிட்டது! எதிர்பாராத இடத்திலும் அது நடந்துகொண்டிருந்தது. 2021இல் வெளியான அந்த ஆய்வு தந்த மதிப்பீடு 51, அதாவது 34 முதல் 73 வரை எங்கேயாவது இருக்கலாம். பின்னர் அதே மாநிலத்தில் நடந்த கணக்கெடுப்பின் முடிவு 2025இல் வந்தபோது மதிப்பீடு 83, வீச்சு 67 முதல் 103. இரண்டு வீச்சுகளும் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். பெருகிவிட்டது என்று உறுதியாகக் கூவுவதற்கு இன்னும் பொறுக்க வேண்டும். அழிந்துகொண்டே போகிறது என்று பயப்படவும் இந்த எண்களில் காரணம் இல்லை.

கேமராவை எங்கே கட்டுவது? இங்கேதான் முகரும் மூக்கு மறுபடி வேலைக்கு வருகிறது. சிறுநீர் வாடை அடிக்கும் பாறை, பின்னங்கால்களால் மண்ணைப் பறித்த சுவடு, முகட்டில் குறுகும் ஒற்றையடிப்பாதை. பனிச்சிறுத்தையைப் போலவே யோசிக்கத் தெரிந்தவரால்தான் இடம் தேர்ந்தெடுக்க முடியும். 2021 ஆய்வுக்குக் கேமராக்களை மலையேற்றி வைத்த குழுவின் முன்னணியில் இருந்தவர்கள் ஸ்பிட்டியின் கிப்பர் கிராமத்து இளைஞர்கள் எட்டுப் பேர். அடுத்த கணக்கெடுப்பில் அதே கிப்பரின் பெண்கள் இறங்கினார்கள். வீடு, வயல், மாடு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு, கேமராக்களைச் சுமந்து ஏறி, கட்டி, பிறகு படங்களைக் கணினியில் அலசி, எந்தச் சிறுத்தை எது என்று பிரிப்பது வரை கற்றுக்கொண்டார்கள்! தன் ஆட்டைத் தூக்கிப்போன விலங்கின் முகத்தைத் திரையில் பெரிதாக்கி, அதன் புள்ளிகளை எண்ணும் ஓர் இடையர் வீட்டுப் பெண். காப்பது யார், கணக்கெடுப்பது யார் என்ற பழைய பிரிவினை அந்தத் திரையின் முன்னால் கரைந்துவிடுகிறது.

கேமரா தானாக இயங்குவது. உடல் வெப்பம் அசைந்தால் கிளிக். ஆனால் வெயிலில் சூடேறிய பாறையின் முன் ஒரு புல் ஆடினாலும் கிளிக். ஆகவே ஆயிரக்கணக்கில் வெறும் புல்லும் பாறையும்! நடுவே நரி, பறவை, ஆட்டுமந்தை, யாக் எருதின் மூக்கு. நாடு தழுவிய கணக்கெடுப்பில் 1,971 இடங்களில் வைத்த கேமராக்கள் சேர்ந்து 1,80,000 இரவுகள் விழித்திருந்தன. அதிலிருந்து தேறியவை 241 தனித்தனிப் பனிச்சிறுத்தைகள். 718 என்பது அந்த 241இலிருந்தும், தடயம் தேடி நடந்த 13,450 கிலோமீட்டரிலிருந்தும் கணிதம் கட்டியெழுப்பிய மதிப்பீடு.

அந்த 241ஐப் பிரித்தெடுப்பதுதான் கண் பிதுங்குகிற வேலை. ஒவ்வொரு பனிச்சிறுத்தையின் உடலிலும் புள்ளிக்கோலம் வேறு. சுலபம் என்றுதானே நினைக்கிறோம்? இடப்பக்கக் கோலம் வேறு, வலப்பக்கக் கோலம் வேறு. குளிர்காலத்தில் ரோமம் நீண்டு கோலம் கலைந்து தெரியும். உடம்பைத் திருப்பினால் வட்டம் நீள்வட்டமாகும். பனிச்சிறுத்தை ஆய்வாளர் ஓர்யான் யோஹான்சனும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு பரீட்சையே வைத்துவிட்டார்கள். விலங்குக்காட்சிச்சாலைகளிலுள்ள 16 பனிச்சிறுத்தைகளின் படங்களைக் கலைத்துப் போட்டு, எட்டுப் பேரிடம் கொடுத்து, 'எது எது என்று பிரியுங்கள்' என்றார்கள். விடை முன்பே தெரிந்த கேள்வி! நூற்றுக்குப் பன்னிரண்டரை தவறு. பெரும்பாலும் ஒரே விலங்கை இரண்டாக எண்ணிய தவறுதான். அதனால் இல்லாத சிறுத்தைகள் பிறந்து, மதிப்பீடு சராசரியாக மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உப்பிவிட்டது. 2020இல் வந்த இந்த ஆய்வு துறையையே உலுக்கியது என்றால் மிகையில்லை. இத்தகைய தவறுக்கு நல்ல மருந்து, ஒருவருக்கு மேற்பட்டோர் தனித்தனியே பிரித்துவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது. மென்பொருளும் 'இது அதுவாக இருக்கலாம்' என்று கை காட்டும். கடைசித் தீர்ப்பு மனிதக் கண்ணுடையது.

இரையையும் எண்ண வேண்டும், மறந்துவிடக் கூடாது. பாரலும் ஐபெக்ஸும் இல்லாத கரடுமுரடு வெறும் கல். நம் வரையாட்டுக்குத் தூரத்து உறவான இந்த மலையாடுகளை எண்ணும் முறையும் ரசமானது. ஒரே பாதையில் இரண்டு குழுக்கள் இடைவெளி விட்டு நடக்கின்றன. ஒன்று பார்த்ததை மற்றதற்குச் சொல்லக் கூடாது, சைகைகூடக் காட்டக் கூடாது. மாலையில் குறிப்புகளை ஒப்பிடுகிறார்கள். இருவரும் பார்த்த மந்தை எத்தனை, ஒருவர் மட்டும் பார்த்தது எத்தனை என்பதிலிருந்து, இருவருமே தவறவிட்டது எத்தனை என்று கண்டுபிடிக்கிறார்கள்! பார்க்காததை எண்ணுகிற இந்த வித்தையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

மலையில் பூனை இது ஒன்றுதானா? வீட்டுப்பூனை அளவே உள்ள பல்லாஸ் பூனையும் இருக்கிறது. தட்டையான முகம், பக்கவாட்டில் இறங்கிய காதுகள், பந்துபோல் ரோமம். பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது. எவரெஸ்ட் சிகரம் இருக்கும் சாகர்மாதா தேசியப் பூங்காவில் 2019இல் ஆய்வுக்குழு ஒன்று 5,110, 5,190 மீட்டர் உயரங்களில் விலங்கின் எச்சத்தைப் பொறுக்கி வந்தது. டிஎன்ஏ பரிசோதனையில் தெரிந்தது, இரண்டு பல்லாஸ் பூனைகள்! நேபாளத்தின் கிழக்கில் இந்தப் பூனைக்கு ஒரு புது முகவரி, ஒரு பை எச்சத்தால். அருணாச்சலப் பிரதேசத்திலோ இன்னும் கொண்டாட்டம். மேற்கு காமெங், தவாங் மாவட்டங்களின் உயர்நிலங்களில் 2024இல் டபிள்யூடபிள்யூஎஃப் இந்தியா வைத்த கேமராக்களில், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் பல்லாஸ் பூனை பதிவானது. அதோடு பனிச்சிறுத்தை, சிறுத்தை, படைச்சிறுத்தை என்று மொத்தம் ஆறு வகைக் காட்டுப்பூனை இனங்கள் ஒரே ஆய்வில்! ஒரே இடத்தில் பனிச்சிறுத்தையும் சாதாரணச் சிறுத்தையும் அடுத்தடுத்து வந்து வாடையிட்டுப் போனதும் கேமராவில் இருக்கிறது.

அந்தப் படம் அழகுதான், கவலையும்தான். பூமி சூடாகச் சூடாக மரங்கள் மேலே ஏறுகின்றன. மரங்களோடு சாதாரணச் சிறுத்தையும் ஏறும். மரக்கோடு உயர்வதால் இமயமலையின் பனிச்சிறுத்தை வாழ்விடத்தில் 30 சதவீதம் வரை இழக்க நேரலாம் என்று 2012இலேயே ஓர் ஆய்வு கணித்தது. இன்று சிவப்பாக மின்னும் எந்தக் கட்டங்கள் நாளையும் சிவப்பாக இருக்கும் என்று இப்போதே கண்டுபிடித்துக் காப்பதற்கும் இதே மாதிரிகள்தான் கருவி.

இத்தனை பாடும் எதற்கு? மங்கோலியாவின் தோஸ்த் மலைகளில் ஜிபிஎஸ் பட்டை கட்டிய 16 பனிச்சிறுத்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. ஓர் ஆணுக்குச் சராசரியாக 207 சதுர கிலோமீட்டர் வேண்டும், ஒரு பெண்ணுக்கு 124. பனிச்சிறுத்தை நாடுகளிலுள்ள 170 பாதுகாக்கப்பட்ட பகுதிகளோடு இதைப் பொருத்திப் பார்த்தால், அவற்றில் 40 சதவீதம் ஒரே ஓர் ஆணுக்குக்கூடப் போதாது! சரணாலயம் என்று வேலி கட்டி முடித்துக்கொள்ளும் வேலை இங்கே நடக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பனிச்சிறுத்தையின் வீடு இடையரின் மேய்ச்சல் நிலம். அவர் சம்மதம் இல்லாமல் அந்த வீடு நிலைக்காது. கிப்பர் மக்கள் 1990களின் இறுதியிலேயே தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை ஆடுமாடு விடாமல் காட்டு ஆடுகளுக்கென்று ஒதுக்கினார்கள். பாரல் பெருகியது. கால்நடைக் காப்பீடும், இரவில் சிறுத்தை நுழைய முடியாத பட்டிகளும் வந்தன. இதை அடுத்து எந்த ஊரில் செய்வது, புதுச் சாலையை எந்த முகட்டைத் தவிர்த்துப் போடுவது என்று முடிவெடுக்கும் மேசையில் விரிக்கத்தான் இந்த வரைபடம்.

குளிர்காலத்தில் ஷானைப் பார்க்க என்றே இப்போது கிப்பருக்குப் பயணிகள் போகிறார்கள். நீங்களும் போனால் ஊர்க்காரர் வீட்டில் தங்குங்கள், ஊர்க்காரரையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மிச்சத்தையும் குப்பையையும் மலையில் விட்டுவராதீர்கள். அதைத் தின்று பெருகும் தெருநாய்கள்தான் பாரலைத் துரத்துகின்றன, இடையரின் ஆட்டையும் கடித்துப் போடுகின்றன.